ஆளில்லாத மேசையில் ஒரு தரவுத்தளம்: மேக் மினியில் போஸ்ட்கிரெஸை நிறுவிய அனுபவம்

மின்சாரம் போய்த் திரும்பிய ஒரு காலையில்தான் இந்த வேலை உண்மையில் தொடங்கியது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களாக, ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தின் நூற்பட்டியலை, ஏறத்தாழ 80,000 பதிவுகளை, ஒரு மேக் மினியில் (ஆப்பிளின் சிறிய மேசைக்கணினி) போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள நிரலின் பதிப்பு 16 வைத்திருந்தது. எந்தக் குறையும் தெரியவில்லை. அன்று காலை யாராலும் பட்டியலைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வந்ததும் ஒரு திரையை எடுத்துப்போய் இணைத்துப் பார்த்தேன். இயந்திரம் நலமாகவே எழுந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுக்கொண்டு நின்றது. நான் உள்ளே நுழைந்தால் தரவுத்தளமும் எழுந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்தபோது, 'போஸ்ட்மாஸ்டர் பிஐடி' என்னும் பூட்டுக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, இதே கோப்புறையில் இன்னொரு போஸ்ட்மாஸ்டர், அதாவது போஸ்ட்கிரெஸின் தலைமை நிரல், ஓடுகிறதா என்று போஸ்ட்கிரெஸ் கேட்டிருந்தது. அப்படி எதுவும் ஓடவில்லை.

இந்த இரண்டு தடைகளும் தனித்தனிக் காரணங்களால் வந்தவை. இரண்டையும் நான் நிறுவிய முறைதான் வரவழைத்தது. மேக்கில் நிரல்களை நிறுவித்தரும் ஹோம்புரூ வழியாக என் சொந்தக் கணக்கிலேயே நிறுவி, அதன் சேவைக் கட்டளையால் தொடங்கி வைத்திருந்தேன். நிர்வாகி உரிமை இல்லாமல் அப்படித் தொடங்கினால், மேக்கில் பின்னணி நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் லாஞ்ச்டி அதை ஒரு 'ஏஜென்ட்' ஆகப் பதிவு செய்துகொள்கிறது. ஏஜென்ட் என்பது ஒரு பயனர் உள்நுழைந்த பிறகு அவருக்காக ஓடுவது. கணினி எழுந்தவுடன் யாருக்காகவும் காத்திராமல் ஓடுவது 'டீமன்'. மேசைக்கணினியில் இந்த வேறுபாடு யாருக்கும் புலப்படாது, ஏனென்றால் அங்கே எழுவதும் உள்நுழைவதும் ஒரே மனிதர் அடுத்தடுத்துச் செய்யும் செயல்கள்.

பூட்டுக் கோப்பின் கதை இன்னும் நுட்பமானது. போஸ்ட்கிரெஸ் தொடங்கும்போது தன் ப்ராசஸ் எண்ணை (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் எண்) அந்தக் கோப்பில் எழுதி வைக்கும்; முறையாக நின்றால் அழித்துவிடும்; மின்சாரம் திடீரென்று போனால் கோப்பு அப்படியே கிடக்கும். அடுத்த முறை எழும்போது, கோப்பில் உள்ள எண்ணில் ஏதேனும் ப்ராசஸ் உயிருடன் இருக்கிறதா என்று பார்க்கும். அது வேறொரு பயனருடைய ப்ராசஸ் என்றால் பொருட்படுத்தாது, தன் பயனருடையது என்றால் அபாயம் என்று கருதி நின்றுவிடும். ஒரே தரவுக் கோப்புறையில் இரண்டு போஸ்ட்மாஸ்டர்கள் எழுதினால் தரவு சிதையும் என்பதால் இந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் என் கணக்கில் போஸ்ட்கிரெஸ் மட்டுமா ஓடுகிறது? உள்நுழைந்த சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான சிறு நிரல்கள் என் பெயரில் எழுகின்றன; ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே வரிசையில், ஏறத்தாழ அதே எண்களைப் பெறுகின்றன. பழைய எண்ணில் இம்முறை வேறேதோ ஒரு நிரல் உட்கார்ந்திருந்தது. போஸ்ட்கிரெஸ் அதைத் தன் இன்னொரு பிரதி என்று ஐயுற்றது. அந்த எண்ணில் ஓடுவது என்ன என்பதைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பூட்டுக் கோப்பை அழித்தேன். பார்க்காமல் அழிப்பது ஒருபோதும் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கோப்பு காப்பது முழுத் தரவுத்தளத்தையும்.

அன்று மாலை எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து நிறுவுவது என்று முடிவு செய்தேன். மனிதர் ஒருவர் எப்போதும் முன்னால் அமர்ந்திருப்பார் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்ட ஓர் இயங்குதளத்தில், யாரும் அமர்ந்திருக்க மாட்டார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட ஒரு நிரலை ஓட்டுகிறேன். அந்த இரண்டும் உரசும் ஒவ்வோர் இடத்தையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இந்த இயங்குதளத்துக்குச் சர்வர் மரபு இல்லாமலில்லை. மேக் ஓஎஸ் எக்ஸ் சர்வர் என்ற பெயரில் 1999-இலேயே முதல் வெளியீடு வந்தது. 2011-இல் லயன் பதிப்போடு அது தனி இயங்குதளமாக இருந்த நிலை மாறி, மேசைக்கணினி இயங்குதளத்தின் மேல் சேர்த்துக்கொள்ளும் ஒரு செயலியாக ஆனது. அதே பதிப்பில்தான் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளம் விலகி, அதன் இடத்துக்குப் போஸ்ட்கிரெஸ் வந்தது. 2022 ஏப்ரலில் அந்தச் செயலியும் நிறுத்தப்பட்டது. ஆனாலும் சில தடங்கள் மிஞ்சியிருக்கின்றன. கணினியின் பயனர் பட்டியலைப் பார்த்தால், அடிக்கோட்டில் தொடங்கும் 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெயரில், 216 என்ற எண்ணில், உள்நுழைய முடியாத ஒரு கணக்கு இன்றும் இருக்கிறது. எனக்குத் தேவையானது அதுவே. தரவுக் கோப்புறையை அந்தக் கணக்கின் உடைமையாக்கி, அதற்கு மட்டுமே படிக்கவும் எழுதவும் உரிமை தந்து, லாஞ்ச்டிக்கான விவரக் கோப்பை டீமன்களுக்குரிய இடத்தில் வைத்து, பயனர் பெயராக அந்தக் கணக்கைக் குறிப்பிட்டேன். விவரக் கோப்பு, ரூட் என்னும் தலைமை நிர்வாகிக் கணக்கின் உடைமையாக இருக்க வேண்டும், பிறர் எழுத உரிமை இருக்கக் கூடாது. இல்லையென்றால் லாஞ்ச்டி அதை ஏற்காது. அந்தக் கணக்கின் பெயரில் வேறெந்த நிரலும் ஓடுவதில்லை என்பதால், பழைய பூட்டுக் கோப்பு கிடந்தாலும் எண் மோதும் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

தரவுத்தளத்தைப் புதிதாக உருவாக்கும்போது மூன்றைக் கவனித்துக் கேட்டேன். முதலாவது, உள்நுழைவுச் சரிபார்ப்பு. எதுவும் சொல்லாவிட்டால் 'இனிட்டிபி' கட்டளை, அதே கணினியிலிருந்து வரும் எவரையும் கடவுச்சொல் கேட்காமல் நம்பும் 'ட்ரஸ்ட்' முறையை எழுதி வைக்கிறது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து நிரல் எழுதும் கணினிக்கு அது பொருந்தலாம். பலர் பயன்படுத்தும் தரவுக்குப் பொருந்தாது. அதனால் கணினிக்குள்ளிருந்து வருவோருக்குப் 'பியர்' (இயங்குதளக் கணக்கின் பெயரைப் பார்த்து ஏற்பது), வலைவழி வருவோருக்கு 'ஸ்க்ராம்' (கடவுச்சொல் கேட்பது) என்று அமைத்தேன். இரண்டாவது, தரவுப் பக்கங்களுக்கான செக்சம் என்னும் சரிபார்ப்பு எண். வட்டில் எழுதியது ஒன்று, படிக்கும்போது கிடைப்பது வேறொன்று என்றால் அது உடனே காட்டிக்கொடுக்கும். பதிப்பு 18-இல் அதுவே இயல்பு அமைப்பாகிவிட்டது. 16-இல் நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். மூன்றாவது வரிசைமுறை. அதற்கு ஒரு தனிப் பகுதியே வேண்டும்.

மரம், மலை, மழை, மறை, மனம்

பழைய தரவுத்தளத்தில் தலைப்புகளை அகரவரிசையில் கேட்டால் மனம், மரம், மறை, மலை, மழை என்று வந்துகொண்டிருந்தது. பயனர்களில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியபோது, எங்கோ என் நிரலில் பிழை இருக்கும் என்றுதான் முதலில் தேடினேன். பிழை அங்கே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் தமிழ் எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை நம் அகரவரிசை அன்று. அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்துக்கு முன்னும், ஜகரம் சகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எழுத்தெண்களை மட்டும் ஒப்பிட்டு அடுக்கினால் மனம் முதலிலும் மழை கடைசியிலும் வரத்தான் செய்யும். மொழிக்குரிய வரிசையைத் தர வேண்டியது இயங்குதளத்தின் அடிப்படை நிரல் தொகுப்பான சி நூலகம். மேக்கிலோ பெரும்பாலான யூடிஎஃப்-8 மொழி அமைப்புகளின் வரிசை விதி, வெறும் பைட் ஒப்பீட்டையே சுட்டும் இணைப்பாக நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. சாளரங்களில் கோப்புப் பெயர்களை அடுக்குவதற்கு மேசைக்கணினிச் செயலிகள் வேறு நூலகத்தைப் பயன்படுத்துவதால் இந்தக் குறை கண்ணில் படுவதில்லை. சி நூலகத்தை நம்பியிருக்கும் தரவுத்தளத்தில்தான் அது வெளிப்படுகிறது.

தீர்வு போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே இருக்கிறது. பதிப்பு 10-இலிருந்து ஐசியு என்னும் நூலகத்தின் வரிசைமுறைகளைத் தனித்தனிப் பத்திகளுக்குப் பயன்படுத்தலாம். பதிப்பு 15-இலிருந்து ஒரு தரவுத்தளம் முழுவதற்குமே அதை இயல்பு வரிசையாக வைக்கலாம். புதிய தரவுத்தளத்தை ஐசியு வழங்குநரோடு, தமிழ் மொழிக் குறியீட்டோடு உருவாக்கியதும் மரம், மலை, மழை, மறை, மனம் என்று வரிசை நேரானது. பள்ளியில் படித்த அதே வரிசையைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை மறைக்க விரும்பவில்லை. ஒரு நூற்பட்டியலுக்கு இது அழகு சார்ந்த செய்தி அன்று. வாசகர் னகரத்தை எங்கே தேடுவாரோ அங்கே அது இருந்தாக வேண்டும்.

இதில் ஒரு கவனமும் தேவை. இன்டெக்ஸ் என்பது விரைவாகத் தேடுவதற்காக வரிசைமுறையின்படி அடுக்கி வைக்கப்பட்ட அமைப்பு. வரிசை விதி மாறினால், பழைய விதியில் அடுக்கிய இன்டெக்ஸில் புதிய விதியோடு தேடும்போது, இருக்கும் பதிவும் இல்லையென்று வரலாம். ஹோம்புரூவில் வேறு எதையோ புதுப்பிக்கப் போய் ஐசியு நூலகமும் சேர்ந்து புதுப்பிக்கப்படலாம் என்பதை நான் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின் ஒருநாள், வரிசைமுறைப் பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை பதிவுக் கோப்பில் வரத் தொடங்கியது. தரவுத்தளத்தின் எல்லா இன்டெக்ஸ்களையும் மறுபடி கட்டி, பிறகு பதிப்பு எண்ணைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். இந்த வரிசை முக்கியம்: எச்சரிக்கையை மட்டும் முதலில் அணைத்துவிட்டால், எந்த இன்டெக்ஸ் பழையது என்பதற்கான அடையாளமே போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் கணினியில் பொதுவான புதுப்பிப்பை நான் ஓட்டுவதில்லை. என்னென்ன மாறும் என்று பார்த்து, ஒரு நாளைக் குறித்துக்கொண்டுதான் செய்கிறேன்.

நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு

டீமனாக மாற்றிய பின் ஒரு திட்டமிட்ட மறுதொடக்கத்தைச் செய்து பார்த்தேன். தரவுத்தளம் தானாக எழுந்தது. ஆனால் பதிவுக் கோப்பில், தரவுத்தளம் முறையாக நிறுத்தப்படவில்லை, தானியங்கு மீட்பு நடக்கிறது என்ற வரி இருந்தது. மின்சாரம் போகவில்லை, யாரும் எதையும் பிடுங்கவில்லை, பிறகு ஏன்?

கணினியை அணைக்கும்போது லாஞ்ச்டி ஒவ்வொரு டீமனுக்கும் 'டெர்ம்' என்னும் சிக்னலை அனுப்புகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் அது முடியாவிட்டால் 'கில்' சிக்னலால் வெட்டிவிடுகிறது. பெரும்பாலான நிரல்களுக்கு டெர்ம் என்றால் 'முடித்துக்கொள்' என்று பொருள். போஸ்ட்கிரெஸுக்கோ டெர்ம் என்றால் 'புதியவர்களை ஏற்காதே, இருப்பவர்கள் தாமாகப் போகும்வரை காத்திரு' என்று பொருள். உடனே எல்லாரையும் துண்டித்து, ஒழுங்காகக் கணக்கை முடித்து நிற்கச் சொல்வது 'இன்ட்' சிக்னல். எங்கள் வலைச் செயலி தரவுத்தளத்தோடு இணைப்புகளை எப்போதும் திறந்தே வைத்திருக்கும். அவை தாமாகப் போகவே போவதில்லை. கெடு முடியும்வரை காத்திருந்து, வெட்டுப்பட்டு, ஒவ்வொரு மறுதொடக்கமும் ஒரு சிறு விபத்தாகவே முடிந்துகொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் அதிலிருந்து மீண்டுவிடும் என்பது உண்மைதான்; அதற்காக அன்றாடம் அந்த மீட்பை நம்பி நடத்துவது எனக்கு ஒப்பவில்லை.

லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டியிடம் எந்தச் சிக்னலை அனுப்ப வேண்டும் என்று சொல்லலாம். லாஞ்ச்டியில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே இடையில் ஒரு சிறிய ஷெல் நிரலை (கட்டளைகளின் தொகுப்பை) வைத்தேன்: அது போஸ்ட்கிரெஸைப் பின்னணியில் தொடங்கி, அதன் எண்ணை நினைவில் வைத்துக் காத்திருக்கும், தனக்கு டெர்ம் வந்தால் போஸ்ட்கிரெஸுக்கு இன்ட் அனுப்பும். முதல் முயற்சியில் இதிலும் தவறினேன். சிக்னல் வந்ததும் ஷெல்லின் காத்திருப்புக் கட்டளை முறிந்து திரும்பிவிடுகிறது. அதற்கடுத்து வேறு வரி இல்லாததால் ஷெல் நிரல் முடிந்துபோய், போஸ்ட்கிரெஸ் தன் முடிப்பு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே லாஞ்ச்டி எல்லாம் முடிந்ததாகக் கருதிவிடுகிறது. இன்ட் அனுப்பிய பிறகு இரண்டாம் முறை காத்திருக்கச் சொன்னதும் சரியானது. கெடு நேரத்தையும் 120 விநாடிகளாக உயர்த்தினேன். இப்போது பதிவுக் கோப்பில், தரவுத்தளம் நிறுத்தப்பட்டது என்ற ஒற்றை வரியோடு ஒவ்வொரு மறுதொடக்கமும் முடிகிறது. டீமன் செத்தால் மறுபடி எழுப்பு என்று லாஞ்ச்டிக்குச் சொல்லியிருப்பதால், பராமரிப்புக்காக நிறுத்தும்போது போஸ்ட்கிரெஸின் சொந்தக் கட்டளையால் நிறுத்தினால் சில விநாடிகளில் திரும்ப எழுந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. லாஞ்ச்டியிடமிருந்தே விலக்கிவிட வேண்டும்.

கணினி தானாக எழுவதற்கான மற்ற அமைப்புகள் எளியவை. உறக்கத்தை முற்றாக நிறுத்தினேன். மின்சாரம் திரும்பினால் தானே எழுமாறு வைத்தேன். தானியங்கு இயங்குதளப் புதுப்பிப்பை அணைத்தேன். தரவுக் கோப்புறையை மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் துழாவாதபடி விலக்கினேன். வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டும் ஃபைல்வால்ட் மட்டும் உண்மையான மனப்போராட்டத்தைத் தந்தது. அது இயங்கினால், எழும் கணினி கடவுச்சொல்லுக்காகக் காத்து நிற்கும். திட்டமிட்ட ஒரு மறுதொடக்கத்துக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி தரும் கட்டளை உண்டு, மின்தடைக்கு அது உதவாது. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் உள்வட்டு எப்படியும் வன்பொருள் அளவில் மறைகுறியாக்கப்பட்டே இருக்கிறது. ஃபைல்வால்ட் அந்தச் சாவியைப் பயனரின் கடவுச்சொல்லோடு பிணைக்கிறது. நூற்பட்டியலில் தனிநபர் செய்திகள் இல்லை, கணினி பூட்டிய அறையில் இருக்கிறது என்பதால் அதை அணைத்துவிட்டேன். மருத்துவக் குறிப்புகளோ ஊதிய விவரங்களோ இருந்திருந்தால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டேன். மின்தடைக்குப் பின் ஒருவர் போய்க் கடவுச்சொல் தருவதே முறை என்று வைத்திருப்பேன்.

எழுதியது வட்டில் இருக்கிறதா

நான் மிகுந்த நேரம் செலவிட்டது இதில்தான். ஒரு தரவுத்தளம் 'கமிட்' ஆகிவிட்டது என்று பதில் சொன்னால், அந்தத் தரவு மின்சாரம் போனாலும் இருக்கும் என்று பொருள். அந்த வாக்குறுதி, இயங்குதளத்தின் 'எஃப்சிங்க்' போன்ற அழைப்புகளை நம்பியே தரப்படுகிறது. மேக்கில் எஃப்சிங்க் அழைப்பு தரவை வட்டுக்கருவி வரை தள்ளிவிடுகிறது. கருவி தன் தற்காலிக நினைவகத்திலிருந்து அதை நிரந்தர இடத்துக்கு எழுதிவிட்டது என்ற உறுதியை அது தருவதில்லை. அதன் கையேட்டுப் பக்கமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. உறுதி வேண்டுமென்றால் 'ஃபுல் எஃப்சிங்க்' என்ற வேறு அழைப்பைப் பயன்படுத்தச் சொல்கிறது. போஸ்ட்கிரெஸில் அதற்கான அமைப்பு, 'வால் சிங்க் மெத்தட்' என்பதை 'எஃப்சிங்க் ரைட்த்ரூ' என்று மாற்றுவது. மேக்கில் அது இயல்பு அமைப்பு அன்று.

போஸ்ட்கிரெஸோடு வரும் 'பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்' கருவியை ஓட்டிப் பார்த்தேன். இயல்பு முறையில் நொடிக்குப் பல ஆயிரம் முறை வட்டில் எழுத முடிந்தது. ரைட்த்ரூ முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60. இந்த எண்ணைப் பார்த்து முதலில் கலங்கினேன். ஆனால் சிறிது எண்ணிப் பார்த்தால், நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் பழைய வட்டு ஒன்றில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை உறுதியாக எழுதலாம் என்று வைத்தால் நொடிக்கு 120 தான் கிடைக்கும்; அத்தகைய வட்டுகளில்தான் பல்லாண்டுகள் நிறுவனங்களின் கணக்குகள் நடந்தன. எங்கள் காப்பகத்தில் நாள் முழுவதும் சேர்ந்தே சில நூறு திருத்தங்கள்தான் நடக்கும். நொடிக்கு 60 எங்களுக்குப் போதும். தயங்காமல் மாற்றினேன்.

வேகம் தேவைப்பட்ட ஒரே இடம், பழைய பட்டியலை ஏற்றியபோது. என் ஏற்றும் நிரல் ஒவ்வொரு பதிவையும் தனித்தனிப் பரிவர்த்தனையாக (ஒரு கமிட்டில் முடியும் தொகுதியாக) எழுதிக்கொண்டிருந்தது. 80,000 பதிவுகளுக்கு 22 நிமிடங்களுக்கு மேல் ஆனது. ஆயிரம் பதிவுகளுக்கு ஒரு கமிட் என்று மாற்றியதும் அதே வேலை சில விநாடிகளில் முடிந்தது. தேடல்களைக் குறித்துவைக்கும் ஒரு புள்ளிவிவர அட்டவணைக்கு மட்டும், அந்த அமர்வில் 'சிங்க்ரனஸ் கமிட்' என்பதை அணைத்தேன். அதனால் விபத்தில் கடைசி ஒரு நொடிக்கும் குறைவான பதிவுகள் போகலாம், தரவு முரண்படாது. 'எஃப்சிங்க்' அமைப்பையே அணைப்பது முற்றிலும் வேறு. அதை அணைத்தால் விபத்துக்குப் பின் தரவுத்தளமே மீளாமல் போகலாம். வேகத்துக்காக அதை அணைக்கச் சொல்லும் அறிவுரையை எங்கே கண்டாலும் புறக்கணிக்க வேண்டுகிறேன்.

நினைவக அமைப்புகளில் சொல்ல அதிகமில்லை. கணினியில் 16 ஜிபி நினைவகம். அதில் கால்பங்கான 4 ஜிபியைப் பகிர்நினைவகத்துக்குத் தந்தேன். 'வொர்க் மெம்' இயல்பான 4 எம்பியிலிருந்து 16 எம்பி. அடுக்குதல் ஒவ்வொன்றுக்கும், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அந்த அளவு எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் அதற்கு மேல் உயர்த்தவில்லை. 2013-இல் வந்த பதிப்பு 9.3-க்கு முன்பு இந்தக் கால்பங்கைத் தருவதற்கே மேக்கின் கர்னல் எல்லைகளைத் திருத்த வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

பதினொரு நாட்கள் காணாமல் போன பேக்கப்

என் திருத்தமே ஒரு புதிய குறையை உண்டாக்கியதை இங்கே பதிவு செய்ய வேண்டும். 'வால்' என்னும் மாற்றப் பதிவேட்டின் ஒவ்வொரு 16 எம்பி துண்டும் நிறைந்தவுடன் அதை ஒரு வெளிவட்டில் நகலெடுக்குமாறு ஆர்க்கைவ் கட்டளை ஒன்றை அமைத்திருந்தேன். என் கணக்கில் ஓடியபோது அது வேலை செய்தது. டீமனாக மாற்றிய பின், உள்வட்டின் காலியிடம் குறைந்துகொண்டே வருவதைத் தற்செயலாகக் கவனித்தேன். பார்த்தால், 11 நாட்களாக ஒரு துண்டுகூட வெளிவட்டுக்குப் போகவில்லை. அத்தனை துண்டுகளும் உள்ளேயே தேங்கியிருந்தன. நகலெடுக்க முடியாத துண்டைப் போஸ்ட்கிரெஸ் ஒருபோதும் அழிக்காது. வெற்றி வரும்வரை முயன்றுகொண்டே இருக்கும். வட்டு நிறைந்திருந்தால் தரவுத்தளமே நின்றிருக்கும்.

காரணம், 2019-இல் வந்த கேட்டலீனா பதிப்பிலிருந்து, கழற்றக்கூடிய வட்டுகளைத் தொட ஒவ்வொரு நிரலும் பயனரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற பாதுகாப்பு விதி. ஒப்புதல் கேட்கும் பெட்டி திரையில் தோன்றும். அமர்ந்திருப்பவர் பொத்தானை அழுத்துவார். டீமனுக்குத் திரை ஏது? கேட்க வழியில்லாத இடத்தில் மறுப்பே விடையாகிறது. முன்பு நான் கட்டளைகளைத் தரும் செயலியான டெர்மினலுக்குத் தந்திருந்த ஒப்புதல்தான், அதன் வழியே நான் ஓட்டிப்பார்த்த சோதனைகளையெல்லாம் வெற்றிபெறச் செய்திருந்தது. முழு வட்டையும் அணுகும் உரிமையை ஷெல்லுக்குக் கொடுத்தால் இது தீரும். ஆனால் அது அந்தக் கணினியில் ஓடும் எல்லா ஷெல் நிரல்களுக்கும் கதவைத் திறந்துவிடுவதாகும். அதனால் திசையையே மாற்றினேன். லினக்ஸில் ஓடும் இன்னொரு சிறு கணினி, 'பிஜி ரிசீவ்வால்' என்னும் கருவி வழியாகத் தரவுத்தளத்தோடு இணைந்து மாற்றங்களை ஓயாமல் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. வாரம் ஒருமுறை முழு நகலையும், ஒவ்வோர் இரவும், தரவை மறுபடி ஏற்றக்கூடிய கட்டளைகளாக எழுதித்தரும் 'பிஜி டம்ப்' நகலையும் அதுவே எடுக்கிறது. மேக்கின் கோப்பு உரிமைகள் இதில் குறுக்கிடுவதே இல்லை. இழுக்கும் கணினி செயலிழந்தால் துண்டுகள் மறுபடி தேங்கும் என்பதால், எவ்வளவு வரை தேக்கலாம் என்ற எல்லையையும் வைத்தேன். பதிப்பு 13-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. மேக்கின் சொந்தப் பேக்கப் வசதியான டைம் மெஷினிலிருந்து தரவுக் கோப்புறையை விலக்கிவிட்டேன். ஓடும் தரவுத்தளத்தின் கோப்புகளைப் போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லாமல் அள்ளிக்கொண்டு போவதை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

பேக்கப் எடுத்த முதல் வாரமே மீட்டுப் பார்த்தேன். டம்ப் நகலை லினக்ஸ் கணினியில் ஏற்றியபோது, பயனர்கள் இல்லை என்று பிழைகள் குவிந்தன. ஒரு தரவுத்தளத்தின் டம்ப்பில் அட்டவணைகளும் தரவும் உரிமைகளும் வரும். அந்த உரிமைகளைப் பெற வேண்டிய பயனர் கணக்குகள் வராது. அவை சர்வர் முழுவதற்கும் பொதுவானவை. 'பிஜி டம்ப்ஆல்' கட்டளையால் அவற்றை மட்டும் தனியே எடுக்க வேண்டும். முழு நகலை லினக்ஸில் ஏற்ற நான் முயலவில்லை. அது கோப்பளவிலான நகல். வேறு இயங்குதளத்தின் நூலகங்களோடு அதை எழுப்பினால் முன்பு சொன்ன இன்டெக்ஸ் சிக்கல் வேறு வடிவில் வரும். அதை மேக்கிலேயே, வேறொரு கோப்புறையில், 5433 என்ற போர்ட்டில் எழுப்பி, முந்தைய நாள் பிற்பகல் 3 மணி வரை மீட்கச் சொல்லிப் பதிவுகளை எண்ணிச் சரிபார்த்தேன்.

பராமரிப்பில் எனக்கு வந்த ஒரே பெரிய இடையூறு வேறு மேசைகளிலிருந்து வந்தது. ஒரு பத்தியைச் சேர்க்கும் சிறிய கட்டளை ஒருநாள் முடியாமல் நின்றது. அதன் பின்னால் எல்லாத் தேடல்களும் வரிசையில் நின்றன. ஒரு பணியாளரின் மடிக்கணினியில், வரைகலைக் கருவி ஒன்று பரிவர்த்தனையைத் திறந்து வைத்தபடி இருந்தது. அவர் மூடியை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். உறங்கும் மடிக்கணினி இணைப்பை முறிப்பதில்லை, பதிலும் சொல்வதில்லை. அதன் பூட்டு மட்டும் தரவுத்தளத்தில் நிற்கும். பரிவர்த்தனைக்குள் சும்மா இருக்கும் அமர்வுகளைப் பத்து நிமிடங்களில் முறிக்கும் அமைப்பை வைத்தேன். கட்டமைப்பை மாற்றும் என் சொந்த அமர்வுகளில், பூட்டு ஐந்து விநாடிகளில் கிடைக்காவிட்டால் கைவிடு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படித் திறந்து கிடக்கும் பரிவர்த்தனைகள் ஆட்டோவேக்குவம் என்னும் தானியங்கு துப்புரவு, செத்த (இனித் தேவைப்படாத) வரிகளை அகற்றுவதையும் தடுக்கின்றன என்பதால், இந்த ஒரு திருத்தம் அட்டவணைகள் வீங்குவதையும் குறைத்தது.

எல்லாம் முடிந்த பின், பயனர்கள் இல்லாத ஒரு விடுமுறை நாளில் மின்கம்பியைப் பிடுங்கிச் சோதித்தேன். வேறொரு கணினியிலிருந்து ஒரு சிறு நிரல் 1, 2, 3 என்று எண்களை ஒவ்வொன்றாக எழுதி, கமிட் ஆனதாகப் பதில் வந்தபின் அந்த எண்ணைத் தன்னிடமும் குறித்துக்கொள்ளும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கி, சில நிமிடங்கள் விட்டு மறுபடி செருகினேன். கணினி எழுந்தது, தரவுத்தளம் மீட்பை முடித்து இணைப்பை ஏற்றது. நான் எதையும் தொடவில்லை. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும், பதில் வந்த ஒவ்வோர் எண்ணும் அட்டவணையில் இருந்தது. இரண்டு முறை, அட்டவணையில் ஓர் எண் கூடுதலாகவும் இருந்தது. கமிட் வட்டில் எழுதப்பட்டு, பதில் கம்பியைக் கடப்பதற்குள் மின்சாரம் போயிருக்கிறது. அப்படி ஒன்று கூடுவது சரியே. ஒன்று குறைந்திருந்தால் எஃப்சிங்க் அமைப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியிருப்பேன்.